மணிக்கட்டில் வைத்த பிளேட்: எடுப்பதா, விடுவதா?

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ள ராமகுப்பம், ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கிவரும் நிலப்பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள மக்கள் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் எல்லை பார்க்காமல் போய்வருவதைப் போலவே மருத்துவத்துக்கும் போய்வருகின்றனர். கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்த ஒருவரைக் குப்பத்திலுள்ள பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கோ, திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985-இல் திருப்பதியில் தொடங்கிய ‘பர்ட்’ எலும்பு மருத்துவமனைக்கோ வீட்டார் கொண்டுசெல்வர்; சிலர் குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் செல்வர்; அறுவை சிகிச்சை என்ற சொல்லுக்கே அஞ்சுகிறவர்கள் புத்தூர் கட்டை நாடுவர். வழிகள் இத்தனை இருப்பது நல்லதுதான். ஆனால், அறுவை சிகிச்சை ஓரூரிலும், தையல் பிரிப்பது வேறோர் ஊரிலும், இரண்டு ஆண்டு கழித்து வரும் வலிக்கு மாத்திரை மூன்றாவது ஊரிலும் என்று சிகிச்சை சிதறிப்போகும்போது, எலும்புக்குள் வைத்த உலோகத்தைப் பற்றிய பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போய்விடுகிறது. மணிக்கட்டு முறிவுக்கான அறுவை சிகிச்சை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் பொருத்தப்படும் தகடோ பல பத்தாண்டுகள் உடலுக்குள் இருக்கக்கூடியது. அதனால் என்னென்ன சிக்கல்கள் வரலாம், எப்போது அதை எடுத்தே ஆக வேண்டும், எப்போது தொடாமல் விட்டுவிடுவது நல்லது என்பவற்றை நோயாளி தெரிந்துகொள்ளாதவரை அந்தச் சிகிச்சை முழுமையடைவதில்லை.

முன்கையில் இரண்டு எலும்புகள் இணையாக ஓடுகின்றன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. மணிக்கட்டை நெருங்கும்போது ஆரை எலும்பு அகன்று, எட்டுச் சிறு எலும்புகளால் ஆன மணிக்கட்டின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. தடுக்கி விழும் எவரும் தம்மையறியாமல் கையை ஊன்றுவதால், உடலின் எடை முழுவதும் உள்ளங்கை வழியாக இந்த அகன்ற பகுதியில் இறங்க, அது முறிகிறது. டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் இம்முறிவைத் தெளிவாக விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, கையின் வடிவத்தைப் பார்த்தும் தடவியும் மட்டுமே அவர் அதை அறிந்து எழுதினார் என்பது இன்றும் வியப்பளிக்கிறது. இளையவர்களுக்குப் பெரும்பாலும் இருசக்கர வாகன விபத்தாலும் உயரத்திலிருந்து விழுவதாலும் இம்முறிவு ஏற்படுகிறது. ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு வீட்டு வாசலில் வழுக்கி விழுவதே போதுமானதாக இருக்கிறது.

முறிந்த எலும்பை நேராக்கி நிறுத்திவைக்க மூன்று முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது, மயக்கமோ மரமரப்பு ஊசியோ தந்து எலும்பை இழுத்து ஒழுங்குபடுத்தி மாவுக்கட்டுப் போடுவது. இரண்டாவது, தோல் வழியாக மெல்லிய எஃகுக் கம்பிகளைச் செலுத்தி எலும்புத் துண்டுகளைப் பிணைப்பது. ஜெர்மானிய மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-இல் அறிமுகப்படுத்தியதன் நினைவாக இக்கம்பிகளை மருத்துவர்கள் கே-ஒயர் என்கின்றனர். மூன்றாவது, தோலைத் திறந்து எலும்பின்மேல் உலோகத் தகடு வைத்து ஸ்குரூ முடுக்குவது. 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த ஹோர்ஹே ஓர்பே, மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கமாக வைக்கும் ‘லாக்கிங் பிளேட்’ முறையைப் பரப்பினார். இதில் ஸ்குரூவின் தலை தகட்டின் துளையிலேயே மரையோடு பூட்டிக்கொள்வதால், எலும்பு மிருதுவாகிப்போன முதியவர்களிடமும் பிடி தளர்வதில்லை. நோயாளி ஒன்றிரண்டு வாரங்களிலேயே மணிக்கட்டை அசைக்கத் தொடங்கலாம். இந்த வசதியினால் இரு பத்தாண்டுகளுக்குள் இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று இந்தியாவின் மாவட்டத் தலைநகர்களிலும் சாதாரணமாகச் செய்யப்படுகிறது.

சித்தூர் வட்டாரத்தில் எலும்பு முறிவைப் பற்றி எழுதும்போது புத்தூர் கட்டைத் தவிர்த்துவிட முடியாது. இன்றைய திருப்பதி மாவட்டத்திலுள்ள புத்தூரை அடுத்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு குடும்பத்தாரிடம் தொடங்கியதாகச் சொல்லப்படும் இக்கட்டு, பச்சிலைச் சாற்றையும் முட்டையின் வெண்கருவையும் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டும் முறையாகும். அதன் பெயர் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூடத் தொங்குகின்றன. அவற்றுள் பலவற்றுக்கும் புத்தூருக்கும் தொடர்பே கிடையாது. இம்முறையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சரியன்று. விலகாத முறிவு, அதாவது எலும்பு கீறியிருந்தும் இடம் பெயராத முறிவு, எந்தக் கட்டில் அசையாமல் இருந்தாலும் சேர்ந்துவிடும். மணிக்கட்டுப் பகுதியின் எலும்பு பஞ்சுபோன்ற அமைப்பும் மிகுந்த இரத்த ஓட்டமும் உடையதாகையால் அது சேராமலே போவது மிக அரிது. அறுவை சிகிச்சையின்றிக் குணமாகும் முறிவுகள் ஏராளம் என்பதை நவீன ஆய்வுகளே காட்டுகின்றன. பிரிட்டனில் 500 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான டிராஃப்ட்-2 ஆய்வில், எலும்பை நேராக்கிய பின் மாவுக்கட்டு மட்டும் போடப்பட்டவர்களும் கம்பி வைக்கப்பட்டவர்களும் ஓராண்டு முடிவில் கையை ஏறத்தாழ ஒரே அளவில் பயன்படுத்தினர். எனினும் மாவுக்கட்டுப் போடப்பட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் எலும்பு மறுபடி விலகி, அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கட்டுப் போட்டதும் வேலை முடிந்துவிட்டதென்று கருதக் கூடாது என்பதற்கு இதுவே சான்று. முதல் இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பவரிடம் கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். வீக்கம் ஏறும் நாள்களில் இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துத் தசையையே சாகடித்துவிடும் என்பதை 1881-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மான் எழுதியிருக்கிறார். விரல்கள் நீலம் பாரித்தாலும், மரத்துப்போனாலும், நீட்டிவிடும்போது தாங்க முடியாத வலி வந்தாலும், கட்டியவர் மருத்துவரானாலும் வைத்தியரானாலும், அந்தக் கட்டை அந்த நேரமே பிரித்தாக வேண்டும்.

அதே பிரிட்டன் ஆய்வாளர்கள் 2014-இல் 461 பேரைக் கொண்டு வெளியிட்ட முதல் டிராஃப்ட் ஆய்வு, கம்பியையும் லாக்கிங் பிளேட்டையும் ஒப்பிட்டது. மூட்டைத் திறக்காமலே நேராக்கக்கூடிய முறிவுகளில், ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கண்டது. விலை கூடிய தகடு எப்போதும் மேலான சிகிச்சை என்ற எண்ணத்தை இது அசைத்தது. மூட்டின் வழவழப்பான பரப்பே பல துண்டுகளாகச் சிதறியிருக்கும்போதும், எலும்பு நொறுங்கிக் குட்டையாகிவிட்டபோதும், கட்டில் நிற்காமல் மீண்டும் மீண்டும் விலகும்போதும் தகடு தன் மதிப்பைக் காட்டுகிறது. அப்படித் தேவையிருந்து வைக்கப்பட்ட தகட்டினால் வரக்கூடிய சிக்கல்களுள் முதன்மையானதும், நோயாளிகளுக்கு மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் தசைநாண் அறுபடுவதாகும்.

தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் வெள்ளை நிறக் கயிறு. பேச்சுவழக்கில் இதையும் நரம்பு என்றே சொல்வதுண்டு. ஆனால் உணர்வைக் கடத்தும் நரம்பு வேறு, விரலை இழுக்கும் இந்த நாண் வேறு. விரல்களை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்க, அவற்றின் நாண்களே மணிக்கட்டைக் கடந்து விரல்நுனிவரை செல்கின்றன. உள்ளங்கைப் பக்கத்தில் ஒன்பது மடக்கு நாண்கள் ஒரு குறுகிய குகை வழியே போகின்றன. புறங்கைப் பக்கத்தில் நீட்டு நாண்கள் ஆறு தடங்களில் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. ஆரை எலும்பின் உள்ளங்கைப் பக்க விளிம்பில் ஒரு மெல்லிய மேடு உண்டு. மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் மலைமுகட்டைக் குறிக்கும் சொல்லால் அறுவை மருத்துவர்கள் அதை நீர்ப்பிரிமேடு என்கின்றனர். தகடு இந்த மேட்டுக்கு உள்ளடங்கி இருக்கும்வரை அதன்மேல் ஒரு தசைப்படலம் போர்வையாக நிற்கிறது. மேட்டைத் தாண்டி விரல் பக்கமாகத் தகடு நீட்டிக்கொண்டால், கட்டைவிரல் நுனியை மடக்கும் நாண் ஒவ்வோர் அசைவிலும் உலோக விளிம்பில் உரசுகிறது. 2011-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தகடு எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது என்பதை மூன்று நிலைகளாகப் பிரித்து, முன்தள்ளல் கூடக்கூட நாண் அறுபடும் ஆபத்தும் கூடுவதைக் காட்டினர். இந்த உரசல் மாதங்களுக்குப் பிறகும், சில வேளைகளில் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நாணை அறுத்துவிடுவதால்தான், எலும்பு சேர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பப்பட்ட நோயாளி திடீரென்று ஒருநாள் கட்டைவிரல் மடங்காமல் நிற்பதைக் கண்டு திகைக்கிறார்.

குப்பம், ராமகுப்பம் வட்டாரத்தில் இது சிறிய இழப்பாகாது. மல்பெரி இலை கொய்வதற்கும், பட்டுக்கூடுகளைப் பிரித்தெடுப்பதற்கும், மாட்டின் காம்பைப் பிடித்துப் பால் கறப்பதற்கும், தக்காளியைக் காம்போடு கிள்ளுவதற்கும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிப் பிடிக்கும் பிடியே ஆதாரம்; அந்தப் பிடி போனால் கூலி வேலையில் பாதி போய்விடுகிறது. நல்வேளையாக நாண் அறுபடுவதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கைகள் வருகின்றன. மணிக்கட்டின் மடிப்புக்குச் சற்று மேலே, கட்டைவிரலை மடக்கும்போது கரகரவென்று ஓர் உரசல் உணர்வு, அவ்விடத்தில் வீக்கம், பிடிக்கும்போது வலி, கட்டைவிரலில் ஒரு தளர்ச்சி ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைக் கண்டவுடன் தகட்டை எடுத்துவிட்டால் நாண் தப்பிவிடும். வலி நிவாரணி கொடுத்துத் தள்ளிப்போட்டால் அது தப்பாது.

புறங்கைப் பக்கத்து ஆபத்து இன்னொரு வகையானது. உள்ளங்கைப் பக்கமிருந்து முடுக்கப்படும் ஸ்குரூ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தாலும் அதன் முனை மறுபக்கம் வெளிவந்து, அங்கே எலும்பை ஒட்டி ஓடும் நீட்டு நாண்களைக் கீறுகிறது. அப்பக்கத்து எலும்பு மேடுபள்ளமாக இருப்பதால் வழக்கமான எக்ஸ்ரேயில் இம்முனை மறைந்துவிடுகிறது. மணிக்கட்டை மடக்கி, எலும்பின் விளிம்பை ஒட்டிச் சாய்வாக எடுக்கும் படத்திலேயே தெரிகிறது. அறுவை சிகிச்சை முடியும் முன்பே இப்படத்தைப் பார்த்துவிடுவது நல்ல மருத்துவரின் பழக்கம். கட்டைவிரலை நிமிர்த்தும் நீண்ட நாண், ஆரை எலும்பிலுள்ள ஒரு சிறு முடிச்சைக் கப்பிபோலச் சுற்றித் திரும்புவதால் எளிதில் தேய்கிறது. தகடே வைக்காமல், விலகாத முறிவுக்குக் கட்டு மட்டும் போட்டுக்கொண்டவர்களிடமும் சில வாரங்கள் கழித்து இந்நாண் அறுபடுவதுண்டு. முறிவினால் அந்தத் தடத்தில் வீக்கம் ஏறி நாணுக்கு இரத்தம் குறைவதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே புத்தூரில் கட்டியவராயினும் பெங்களூரில் தகடு வைத்தவராயினும் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்றே: உள்ளங்கையை மேசைமேல் குப்புற வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க வேண்டும். தூக்க முடியாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அறுந்த நாணை அப்படியே சேர்த்துத் தைப்பது பெரும்பாலும் முடிவதில்லை. முனைகள் நைந்து, தசை சுருங்கிப்போயிருக்கும். இங்கே வேலூரின் வரலாறு துணைக்கு வருகிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கு நாண் மாற்று அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்றார். நலமாக உள்ள ஒரு தசையின் நாணை அதன் இடத்திலிருந்து விடுவித்து, செயலிழந்த விரலோடு இணைத்துத் தைப்பதும், பிறகு பயிற்சியால் மூளைக்கு அந்தப் புதிய வேலையைக் கற்பிப்பதும் அம்முறையின் சாரம். சுட்டுவிரலை நிமிர்த்த இரண்டு நாண்கள் இருப்பதால் அவற்றுள் ஒன்றைக் கட்டைவிரலுக்குத் திருப்பிவிடலாம். மோதிரவிரலை மடக்கவும் இரண்டு இருப்பதால் ஒன்றைக் கடனாகப் பெறலாம். தகட்டினால் நாண் அறுந்தவர்களுக்கு இன்று உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சைகளுள் முக்கியமானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. ராமகுப்பத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு மருத்துவமனையில் இந்தக் கலை வளர்ந்தது என்பது அப்பகுதி மக்கள் பெருமையோடு அறிந்திருக்க வேண்டிய செய்தி.

நரம்பைப் பொறுத்தவரை, மடக்கு நாண்களோடு அதே குகையில் செல்லும் நடுநரம்பு வீக்கத்தால் நசுங்குவதே அடிக்கடி காணப்படுகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றில் மரமரப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும்; இரவில் அது கூடும். முறிவு ஏற்பட்ட சில மணி நேரங்களுக்குள்ளோ, அறுவை சிகிச்சைக்கு அடுத்த நாளோ இது வேகமாக ஏறினால் அவசரமாகக் குகையின் கூரையைத் திறந்து அழுத்தத்தை நீக்க வேண்டும். மாதங்கள் கழித்து மெதுவாகத் தோன்றினால் ஆய்ந்து முடிவுசெய்யலாம்.

இதனினும் விளங்கிக்கொள்ளக் கடினமான ஒன்று, காயத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில் வலி பரவி நிலைத்துவிடும் நிலை. ஹாம்பர்க் மருத்துவர் பால் சூடெக் 1900-இல் இதில் எலும்பு வெளிறிப்போவதை விவரித்தார். இன்று இது பகுதிசார் பன்முக வலிநோய் எனப்படுகிறது. கை முழுவதும் எரியும், துணி பட்டாலும் வலிக்கும், தோல் பளபளப்பாகிச் சிவந்தோ நீலம் பாய்ந்தோ காணப்படும், ஒரு கை வியர்க்க மற்றொரு கை உலர்ந்திருக்கும், விரல்கள் விறைத்துப்போகும். இந்நோயாளிகள் வலியை மிகைப்படுத்துவதாகப் பழிசுமத்தப்படுவது வழக்கமாக இருப்பதும், அதனால் அவர்கள் சிகிச்சையைவிட்டு விலகிவிடுவதும் பெருங்கொடுமை. முறிவு ஏற்பட்ட நாளிலிருந்து 50 நாள்களுக்கு அன்றாடம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்தால் இந்நிலை குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் சில அதனோடு உடன்படவில்லை. ஐயமின்றிப் பயன்தருவது ஒன்று உண்டு: கட்டுக்குள் இருக்கும்போதே முதல் நாளிலிருந்து விரல்களை முழுவதும் மடக்கி நீட்டுவதும், கையைத் தொங்கவிடாமல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பதும், தோளையும் முழங்கையையும் அசைத்துவருவதும். எண்ணெய் தேய்த்து முரட்டுத்தனமாக நீவுவதும், பிறர் வலியப் பிடித்து மணிக்கட்டை வளைப்பதும் இந்நிலையை மோசமாக்கும். இதனால் கெட்ட கைகள் நம் ஊர்களில் குறைவல்ல.

தொற்று, கம்பி வைத்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கம்பியின் முனை தோலுக்கு வெளியே இருப்பதே காரணம். சாணம் அள்ளுவது, நாற்று நடுவது போன்ற வேலைகளைக் கம்பி இருக்கும் நான்கு முதல் ஆறு வாரங்கள் தவிர்த்தாக வேண்டும். கம்பியைச் சுற்றிச் சிவந்து நீர் கசிந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கும். அடங்காவிட்டால் கம்பியை எடுத்தவுடன் ஆறும். தகட்டைச் சுற்றிய ஆழமான தொற்று அரிது, ஆனால் கடுமையானது. எலும்பு சேராத நிலையில் தகட்டை எடுத்துவிட்டால் முறிவு ஆடத் தொடங்குமாகையால், இயன்றவரை சுத்தம் செய்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அடக்கிவைத்து, எலும்பு சேர்ந்தபின் தகட்டை அகற்றுவர். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கும் இவ்வாபத்து கூடுதல்.

எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடுவதும், ஸ்குரூ மூட்டுக்குள் புகுந்து குருத்தெலும்பைத் தேய்ப்பதும், சுண்டுவிரல் பக்கத்தில் வலி நீடிப்பதும் எஞ்சியவை. முதியவர்களின் கை சற்றுக் கோணலாகத் தெரிந்தாலும் வேலைக்குக் குறைவிருப்பதில்லை. அழகுக்காக மட்டும் அவர்களை அறுவை மேசையில் கிடத்துவது தேவையற்றது. இளைய உழைப்பாளி ஒருவருக்கு அதே கோணல் பிடியையும் உள்ளங்கையைத் திருப்பும் ஆற்றலையும் கெடுத்தால், எலும்பை மீண்டும் வெட்டி நேராக்க வேண்டியிருக்கும். மூட்டுக்குள் புகுந்த ஸ்குரூவை மட்டும் எந்த வயதிலும் காத்திருக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இனி, எடுப்பதா விடுவதா என்ற கேள்வி. இதைப் பற்றி மக்களிடையே நேர்மாறான இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. உலோகம் உடலுக்குள் துருப்பிடிக்கும், ஆகவே ஓராண்டில் எடுத்தே தீர வேண்டும் என்று ஒரு சாரார் நம்புகின்றனர். ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுளுக்கும் அதை நினைக்கவே வேண்டாம் என்று மற்றொரு சாரார் நம்புகின்றனர். இரண்டுமே தவறு. இன்று பயன்படும் மருத்துவ எஃகும் டைட்டானியமும் உடலில் பல பத்தாண்டுகள் தங்குவதற்காகவே உருவாக்கப்பட்டவை. தொல்லை தராத தகட்டை வயதுவந்தோரிடமிருந்து வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்பதே பெரும்பாலான எலும்பு மருத்துவர்களின் கருத்து. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் இவை பொதுவாகத் தடையல்ல, தகட்டை ஒட்டிய பகுதியின் படம் மட்டும் கலங்கலாகத் தெரியும். பரிசோதனைக்கு முன் தகடு இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் தகடு உள்ள இடத்தில் ஒரு மந்தமான வலி இருப்பதாகப் பலர் கூறுகின்றனர். அது தொல்லையாக இருந்தாலும், அதற்காக மட்டும் எடுத்தால் வலி போய்விடும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது.

எடுத்தே ஆக வேண்டியவை சில உண்டு. கம்பிகளும், வெளியிலிருந்து பொருத்தப்படும் சட்டமும் ஓரிரு மாதங்களுக்குள் எடுக்கப்படுபவை. எலும்பு மிகவும் நொறுங்கியவர்களுக்கு ஆரை எலும்பிலிருந்து உள்ளங்கை எலும்புவரை மூட்டைத் தாண்டி வைக்கப்படும் நீண்ட தகடு, ஏறத்தாழ மூன்று மாதங்களில் எடுக்கப்படாவிட்டால் மணிக்கட்டு அசையவே அசையாது. குழந்தைகளுக்கு வைத்தவற்றை வளரும் எலும்பு மூடிக்கொள்ளுமாதலால் அவையும் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. இவை தவிர நாண் உரசல், எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் முன்தள்ளல், தொற்று, மூட்டில் ஸ்குரூ, தகடு தோலுக்கடியில் உறுத்துவது ஆகியவை எடுப்பதற்கான நியாயமான காரணங்கள். அவசரக் காரணம் இல்லாதபோது எலும்பு முற்றிலும் உறுதிப்பட்டபின், வழக்கமாக ஓராண்டை ஒட்டி, எடுப்பர். நாண் உரசல் இருந்தால் எலும்பு சேர்ந்தவுடனேயே எடுப்பது நன்று.

எடுப்பது வைப்பதைவிட எளிது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டும். பழைய தழும்பின் வழியாகவே திறந்தாலும், உள்ளே எல்லாம் வடுத்திசுவால் ஒட்டிக்கிடப்பதால் ஆரைத் தமனியும் உள்ளங்கைக்கு உணர்வு தரும் நரம்புக் கிளையும் தம் இடத்தில் இருப்பதில்லை. டைட்டானிய ஸ்குரூவின் தலை தகட்டின் மரையோடு இறுகி ஒன்றாகிவிடுவதும், திருகும்போது தலையின் பள்ளம் மழுங்கிச் சுழல்வதும், ஸ்குரூவே முறிந்து பாதி உள்ளே நின்றுவிடுவதும் நடப்பவை. அத்தகைய வேளையில் தகட்டை வெட்டியோ, ஸ்குரூவின் தலையைத் துளைத்துத் தகர்த்தோதான் எடுக்க முடியும். உள்ளே நின்ற துண்டு தீங்கு செய்யாதென்றால் அதை விட்டுவிடுவதும் உண்டு. அதைத் தேடி எலும்பைக் குடைவது அதனினும் கெடுதி. எடுத்தபின் ஸ்குரூ இருந்த துளைகள் நிரம்பும்வரை ஓரிரு மாதங்கள் தண்ணீர்க் குடம், தீவன மூட்டை போன்ற கனமானவற்றைத் தூக்காமல் இருக்க வேண்டும்.

இங்கேதான் எல்லையோரப் பகுதியின் நடைமுறைச் சிக்கல் குறுக்கிடுகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்குரூத் தலையும் ஒவ்வொரு வடிவிலானது. அதற்கேற்ற திருப்புளி இல்லாமல் அறுவை அரங்குக்குள் போன மருத்துவர், எவ்வளவு திறமையானவராயினும், பாதியில் தவிக்க நேரிடும். பெங்களூரில் வைத்த தகட்டை வேலூரில் எடுக்க வேண்டுமானால், தகட்டின் நிறுவனப் பெயர், அளவு, உலோக வகை, வரிசை எண் ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய தாள் வேண்டும். இந்த ஸ்டிக்கர் ஒவ்வொரு தகட்டின் உறையோடும் வருகிறது. மருத்துவமனையின் கோப்பில் அது ஒட்டப்படுகிறது. அதன் ஒரு படியை டிஸ்சார்ஜ் சம்மரியோடு கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. செலவும் எல்லையைப் பார்க்கிறது. ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கி இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை என வழங்கும் காப்பீடு அம்மாநிலக் குடும்பங்களுக்கானது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீடு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானது. எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில் இருக்கிறது, தகடு எடுக்கும் அறுவைக்கும் அது பொருந்துமா என்பதை மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு உதவியாளரிடம் கேட்டுக்கொள்வது, பிற்பாடு நகையை அடகு வைப்பதைத் தவிர்க்கும்.

ஐம்பது வயதைக் கடந்து, நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்த பெண்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்முறிவு எலும்புத் தேய்மானத்தின் முதல் அறிவிப்பாக இருக்கலாம்; அடுத்து முறிவது இடுப்பெலும்பாகவோ முதுகெலும்பாகவோ இருக்கக்கூடும். தகடு வைத்த மருத்துவமனையிலேயே எலும்பின் அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தேய்மானத்துக்கு மருந்து உண்டு.

மணிக்கட்டில் தகடு உள்ள ஒவ்வொருவரும் எக்ஸ்ரே படங்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தகட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் குடும்ப அட்டையோடு ஒரே பையில் பத்திரப்படுத்த வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் காட்டி, தகடு நீர்ப்பிரிமேட்டைத் தாண்டியிருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறையாவது கேட்க வேண்டும். தாண்டாமலும் எந்தத் தொல்லையும் இல்லாமலும் இருந்தால் தகடு அங்கேயே இருக்கட்டும். கட்டைவிரலை மடக்கும்போது கரகரப்போ தளர்ச்சியோ தோன்றினால், ஆண்டுகள் எத்தனை கடந்திருந்தாலும், அந்த வாரமே பையை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.